குளத்தங்கரை ஊழியம்

கிராம நிர்வாக அலுவலராகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் மேடம் என்று கேட்டார்கள். அனுபவத்திலிருந்து நாலு நல்ல வார்த்தை போதும் என்றார்கள். என்னிடம் நாலு நல்ல வார்த்தை இல்லை. ஒரே ஒரு கெட்ட வார்த்தைதான் இருக்கிறது. ஊழியம். அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன், கோபமாகத்தான் எழுதுவேன். ஓய்வு பெற்றால் கோபம் தணிந்துவிடும் என்று சொன்னவர்கள், எனக்கு ரத்த அழுத்த மாத்திரை எழுதித் தருகிற டாக்டரிடம் போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

அது எப்படிக் கெட்ட வார்த்தை, நாமெல்லாம் அரசு ஊழியர்கள்தானே என்று நீங்கள் கேட்பீர்கள். மற்ற மாவட்டத்துக்காரர்கள் கேட்டால் மன்னித்துவிடுவேன். கன்னியாகுமரி மாவட்டத்தில் வேலை பார்க்க வந்தவர்கள் கேட்கக் கூடாது. இந்த மண்ணைத் திருவிதாங்கூர் ராஜா ஆண்ட காலத்தில் ஊழியம் என்றால் கூலி இல்லாமல் சர்க்காருக்குச் செய்கிற கட்டாய வேலை. கச்சேரி என்று சொன்ன சர்க்கார் அலுவலகத்திலிருந்து ஆள் வருவான். வீட்டுக்கு ஒருவர் வர வேண்டும் என்பான். பாரம் சுமக்க, யானைக்கு ஓலை வெட்ட, பிராமணர்களுக்குச் சாப்பாடு போடும் ஊட்டுப்புரைக்கு விறகும் இலையும் கொண்டுபோக, முகாம் போட்ட அதிகாரிக்குக் கோழி பிடித்துக் கொடுக்க. கஞ்சிகூடத் தரமாட்டார்கள். வரமாட்டேன் என்றால் முதுகில் அடி. மேல்சாதிக்காரர்கள் யாரும் இதற்குப் போனதில்லை என்பதை நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வெள்ளைக்காரன் நம்மை அடிமைப்படுத்தினான் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். உண்மைதான். ஆனால் எங்கள் பக்கத்தில் அவன் நேரே வந்து நிற்கவில்லை. ராஜா ஆண்டார், ராஜாவுக்குப் பக்கத்தில் வெள்ளைக்கார ரெசிடெண்ட் இருந்தார், கப்பம் அந்த வழியாகப் போனது. காலையில் வாசலில் வந்து பெயர் சொல்லி ஆளைக் கூப்பிட்டவன் மட்டும் அசல் நம்மூர்க்காரன். பகுதிக் கச்சேரியில் உட்கார்ந்திருந்த பார்வத்தியக்காரன் அனுப்பிய ஆள். அந்தப் பார்வத்தியக்காரனின் நாற்காலிதான் இன்று நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலி. உங்கள் ஊர்க் கிழவர்கள் சிலர் இப்போதும் உங்கள் அலுவலகத்தைப் பகுதிக் கச்சேரி என்றுதான் சொல்வார்கள். வாய் தவறிச் சொல்கிறார்கள் என்று நினைக்காதீர்கள்.

எங்களுக்குச் சுதந்திரம் வந்த கதையே கோணல். நாடு விடுதலை ஆகப் போகிற நேரத்தில் திருவிதாங்கூர் தனி நாடாக இருக்கும் என்று திவான் அறிவித்தார். பிறகு பணிந்து இந்தியாவோடு சேர்ந்தார்கள். அதற்குப் பிறகும் ஒன்பது வருடம் போராடி, துப்பாக்கிச் சூட்டில் உயிர்களைக் கொடுத்துத்தான் இந்த மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. கச்சேரிக் கட்டிடத்தில் ராஜாவின் சங்கு முத்திரை போய் மூவர்ணக் கொடி வந்தது, மலையாளம் போய்த் தமிழ் வந்தது, பெயர்ப் பலகை மாறியது. ஆளைக் கூப்பிடுகிற குரல் மாறியதா என்பதுதான் என் கேள்வி. மாறவில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்குத் தெரிந்தது. அந்தக் கதையைச் சொல்கிறேன்.

அப்போது நான் மண்டலத் துணை வட்டாட்சியர். எந்தத் தாலுகா என்று சொல்ல மாட்டேன். இரணியல் ரயில் நிலையத்தில் இறங்கி பஸ் பிடித்துப் போகிற தூரத்தில் ஒரு கிராமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊர்க் குளத்தங்கரையில் விடுதலைப் போராட்ட நினைவாக ஒரு கல்தூண் நட்டிருந்தார்கள். சுதந்திர தினத்தன்று பெரிய இடத்திலிருந்து ஒருவர் வந்து அதைத் திறந்து வைப்பதாக ஏற்பாடு. குளம் முழுக்க ஆகாயத்தாமரை மண்டிக் கிடந்தது. வருகிறவர் கண்ணுக்குத் தண்ணீர் தெரிய வேண்டும் என்று உத்தரவு.

அந்த ஊர்க் கிராம அலுவலர் உங்களைப் போல இளைஞர்தான். நல்ல மாதிரி. சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. போனை எடுத்தால் முதல் வார்த்தை, மேடம் சாப்பிட்டாச்சா என்பதுதான். கொடுத்த வேலையைச் சொன்ன நேரத்துக்கு முன்பே முடித்து வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டுவிடுவார். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவரைப் பிடிக்கும், எனக்கும் பிடிக்கும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்த மாதிரிக் காரியங்களைச் செய்கிறவர்கள் மீசையை முறுக்கிக்கொண்டு வருவார்கள் என்று நீங்கள் எதிர்பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

விழா செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏற்பாடுகளைப் பார்க்கக் குளத்துக்குப் போனேன். ஆணும் பெண்ணுமாக ஒரு கூட்டம் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று ஆகாயத்தாமரையைப் பிடுங்கிக் கரையில் எறிந்துகொண்டிருந்தது. பெண்கள் சிலர் நல்ல சேலை கட்டியிருந்தார்கள். ஆராதனைக்குப் புறப்பட்டு வந்தவர்களை வழியில் மறித்துத் தண்ணீரில் இறக்கியது போல இருந்தது. பிறகு விசாரித்ததில் அப்படியேதான் நடந்திருக்கிறது. அந்தப் பக்கம் சர்ச் ஒலிபெருக்கியில் பாட்டு நடந்துகொண்டிருந்தது.

கான்ட்ராக்டர் யார் என்று அலுவலரிடம் கேட்டேன்.

"கான்ட்ராக்டர் எல்லாம் இல்ல மேடம். நம்ம காலனி ஆளுவதான். சும்மா வந்து செஞ்சு தாறாவ."

"ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போகாமலா?"

"அங்க செய்யுததும் ஊழியம், இதும் ஊழியமாக்கும் மேடம்" என்று சொல்லிச் சிரித்தார்.

எனக்குச் செவிட்டில் அறை விழுந்தது போல இருந்தது. நான் வரலாறு படித்தவள். அதற்காக அலுவலகத்தில் கேலியும் நிறையக் கேட்டவள். ராஜா காலத்தில் மிஷனரிகள் ரெசிடெண்டிடம் மன்றாடி, கிறிஸ்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஊழியம் இல்லை என்று உத்தரவு வாங்கினார்கள். வாரத்துக்கு ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாளுக்காக இதே ஊர்களில் எத்தனை பேர் அடி வாங்கினார்கள், மார்பை மறைத்துத் துணி போட்டதற்காக எத்தனை பெண்கள் தெருவில் அவமானப்பட்டார்கள் என்பதெல்லாம் கதை இல்லை. அந்தப் பெண்களின் பேத்திகளுக்குப் பேத்திகள் ஞாயிற்றுக்கிழமைச் சேலையோடு சகதியில் நிற்கிறார்கள், எதற்கு? சுதந்திரத்துக்குக் கல்தூண் திறப்பதற்கு. இதைப் பார்த்துவிட்டு வயிறு எரியாதவர்கள் வேறு இலாகாவுக்குப் போய்விடலாம்.

கரையோரம் நின்ற ஒரு அம்மாவைக் கேட்டேன்.

"நீங்களா வந்தீங்களாம்மா, வரச் சொன்னாங்களா?"

அந்த அம்மா என்னைப் பார்க்கவில்லை. அலுவலரைப் பார்த்தாள். பிறகு என்னிடம் திரும்பி, "நாங்களாத்தான் வந்தோம் மேடம்" என்றாள்.

ஒத்தாசை என்று ஒரு சொல்லை நம் இலாகாவில் கண்டுபிடித்து வைத்திருக்கிறோம். ஊரார் ஒத்தாசை, மக்கள் பங்களிப்பு என்று என்னென்னவோ பெயர். எது ஒத்தாசை, எது ஊழியம் என்று கண்டுபிடிக்க நான் ஒரு வழிதான் வைத்திருக்கிறேன். வரமாட்டேன் என்று சொன்னவனுக்கு மறுநாள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஒன்றும் நடக்கவில்லை என்றால் அது ஒத்தாசை. அன்று குளத்தங்கரையில் அலுவலரிடமும் அதைத்தான் கேட்டேன்.

"கூப்பிட்டு வராதவங்க யாராவது உண்டா?"

"ஒருத்தன் உண்டு மேடம். ஏசுவடியான்னு, ரப்பர் வெட்டுதவன். வெள்ளிக்கிழமை கூப்பிட்டதுக்கு, ஊழியம் கர்த்தருக்கு மட்டுந்தான் செய்வேன், ஒமக்கு செய்ய மாட்டேன்னு ஆளு முன்னால பேசினான். அவனைப் பாத்துக்கிடலாம் மேடம்."

பாத்துக்கிடலாம் என்பதை நம் ஆட்கள் எந்த ராகத்தில் சொல்வார்கள் என்று உங்களுக்குப் போகப் போகத் தெரியும்.

எல்லோரையும் மேலே வரச் சொன்னேன். சர்ச்சுக்குப் போகிறவர்கள் போகலாம், வீட்டுக்குப் போகிறவர்கள் போகலாம், குளத்தைப் பஞ்சாயத்து கூலி ஆள் வைத்துச் சுத்தம் செய்யட்டும் என்றேன். யாரும் அசையவில்லை. மறுபடியும் அலுவலரைத்தான் பார்த்தார்கள். அவர் தலையை ஆட்டிய பிறகுதான் ஏறினார்கள். என் வார்த்தைக்கு அங்கே இருந்த மதிப்பு அவ்வளவுதான். ஏனென்றால் நான் ஜீப்பில் வந்து ஜீப்பில் போகிறவள். அவர்தான் தினமும் அங்கே இருப்பவர்.

அடுத்த நாள் காலை அலுவலகத்துக்குப் போனபோது வராந்தாவில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். நரைத்த முடி, ரப்பர் பால் கறை போகாத கை, பக்கத்தில் பதினேழு பதினெட்டு வயதில் ஒரு பெண். உட்கார நாற்காலி காலியாகக் கிடந்தும் நின்றுகொண்டுதான் இருந்தார்கள். பெயர் கேட்டேன். ஏசுவடியான் என்றார். மகள் பெயர் ஜெனிஷா.

ஜெனிஷாவுக்குப் பொறியியல் கலந்தாய்வில் இடம் கிடைத்திருந்தது. குடும்பத்தில் அவள்தான் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகிறவள். அப்படிப்பட்டவர்களுக்கு அரசு கல்விக் கட்டணத்தில் சலுகை தருகிறது. அதற்கு நம் அலுவலகத்தில் முதல் பட்டதாரிச் சான்று வாங்க வேண்டும். கிராம அலுவலர் விசாரித்து அறிக்கை போட வேண்டும், கடைசியில் நான் கையெழுத்துப் போட வேண்டும். கல்லூரியில் அந்தச் சான்றைக் கொடுக்க அன்றுதான் கடைசி நாள். சலுகை இல்லாவிட்டால் அவளைச் சேர்க்க அவரால் முடியாது. அதை அவர் ஒரே வாக்கியத்தில் சொன்னார்.

"எனக்க கையில வழி இல்ல மேடம். சர்டிபிகேட் கிடைக்கல்லைன்னா இவ நாளைக்கு முந்திரி ஆபீசுக்குப் போணும்."

முந்திரி ஆபீஸ் என்றால் முந்திரிப் பருப்பு உடைக்கிற தொழிற்சாலை. எங்கள் பக்கத்தில் எத்தனையோ பெண் பிள்ளைகளின் படிப்பு அங்கே போய்த்தான் முடிந்திருக்கிறது.

கணினியைத் திறந்து பார்த்தேன். அலுவலர் சனிக்கிழமையே அறிக்கை போட்டிருந்தார். 'மனுதாரரின் அண்ணன் வடமாநிலத்தில் ஊழியத்தில் உள்ளார் எனவும், பட்டதாரி எனவும் அக்கம்பக்கத்து விசாரணையில் தெரியவருகிறது. எனவே மனுவைப் பரிந்துரைக்க இயலவில்லை.' வருவாய் ஆய்வாளர் அதன் கீழே வழக்கம்போல ஆமோதித்திருந்தார்.

"உங்க பையன் வடக்கே என்ன வேலை பாக்குதான்?" என்று கேட்டேன்.

"வேலை இல்ல மேடம். ஊழியத்துக்குப் போயிருக்கான்."

புரிந்துவிட்டது. சர்ச் வேலைக்கு, சுவிசேஷம் சொல்லப் போவதற்கு எங்கள் மாவட்டத்தில் ஊழியம் என்றுதான் பெயர். ராஜா காலத்தில் முதுகை ஒடித்த சொல்லையே அந்த ஜனங்கள் எடுத்துக்கொண்டுபோய்க் கடவுளுக்குக் கொடுத்துவிட்டார்கள். இனி எங்களை வேலை வாங்குவது அவர் ஒருவர்தான் என்ற அர்த்தம் அதில் இருப்பதாக நான் நினைத்துக்கொள்வேன். மாவட்டம் முழுக்கச் சுவரில் ஊழியர் கூடுகை, ஊழியக்காரர் வருகிறார் என்று சுவரொட்டி ஒட்டியிருக்கும். அந்த ஊழியத்தை அலுவலர் அரசு ஊழியம் ஆக்கி, ஊழியர் என்றால் பட்டதாரியாகத்தான் இருப்பான் என்று கணக்கை முடித்திருந்தார்.

தெரியாமல் எழுதினாரா? அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவருக்கு அது தெரியாதா? எனக்குத் தெரியாது என்று நினைத்துத்தான் எழுதினார். நான் கோட்டாற்றில் பிறந்தவள், எங்கள் வாப்பா அங்கே மளிகைக் கடை வைத்திருந்தார். பாங்கு சொல்கிற ஊரில் வளர்ந்த மேடத்துக்குச் சர்ச் பாஷை எங்கே புரியப் போகிறது என்று அவர் கணக்குப் போட்டிருக்கிறார். எங்கள் கடையில் அரிசி வாங்கி, கடன் சொல்லிவிட்டு, மறக்காமல் வாப்பாவுக்காக ஜெபம் செய்கிறேன் என்று சொல்லிப் போன ஊழியக்காரர்களை அவருக்குத் தெரியாது.

அலுவலரை வரவழைத்தேன். அப்பாவையும் மகளையும் நாற்காலியில் உட்கார வைத்துக்கொண்டே கேட்டேன்.

"இந்தப் பிள்ளைக்க அண்ணன் எந்த இலாகாவுல இருக்கான்?"

"இலாகா தெரியாது மேடம். ஊழியத்துல இருக்கதா அக்கம்பக்கத்துல சொன்னாவ. ஊழியம்னா உத்தியோகம்தானே?"

"நேத்து குளத்துல, ஊழியம்னா சும்மா செஞ்சு தாற வேலைன்னு சொன்னீங்க. ஒரு ராத்திரியில அது உத்தியோகம் ஆயிட்டா?"

அவர் திரும்பினார். ஏசுவடியானை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையில் 'மேடம் சாப்பிட்டாச்சா' இல்லை. அறிக்கையைத் திருத்தித் தரச் சொன்னேன். விழா வேலை தலைக்கு மேல் இருக்கிறது, மறுபடி விசாரித்துப் பதினாறாம் தேதி தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். போனவர் நேரே வட்டாட்சியர் அறைக்குத்தான் போயிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் எனக்கு அழைப்பு வந்தது.

வட்டாட்சியரும் கெட்ட மனிதர் இல்லை. அன்று அவருக்கு ஒரே கவலைதான். நாளை விழா நல்லபடியாக முடிய வேண்டும்.

"என்ன மேடம், நேத்து குளத்துல வேலையை நிறுத்திட்டீங்க. இப்ப விஏஓவை பப்ளிக் முன்னால வச்சுக் கேள்வி கேக்குதீங்க. நாளைக்கு அவன்தான் எல்லா வேலையும் பாக்கணும். அவன் மனசு கோணினா யாரு பொறுப்பு?"

விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு அவர் சொன்ன யோசனையை இன்றுவரை என்னால் சீரணிக்க முடியவில்லை.

"ஒண்ணு செய்யலாம். அந்த ஆளை ஒரு மணி நேரம் வந்து குளத்துல பஞ்சாயத்து ஆளுவளோட இறங்கச் சொல்லுங்க. அவனுக்கும் மரியாதை, இவனுக்கும் மரியாதை. நான் பேசி இன்னைக்கே ரிப்போர்ட்டை மாத்தி வாங்கித் தாறேன். அதை விட்டுட்டு ரெண்டு ரிப்போர்ட்டுக்கு எதிரா நீங்க கையெழுத்துப் போட்டா, நாளைக்கு ஆடிட்ல ஒங்க தலைதான் உருளும். ஒங்க நல்லதுக்குத்தான் சொல்லுதேன்."

ஒரு மணி நேரம். கேட்பதற்கு எவ்வளவு சின்ன விஷயமாக இருக்கிறது பாருங்கள். ராஜா காலத்திலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். ஒரு கட்டு ஓலைதானே, ஒரு சுமைதானே, கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு உன் வேலையைப் பார். இருநூறு வருடமாக நியாயமான ஆட்கள் இப்படி நியாயமாகப் பேசித்தான் ஜனங்களைத் தண்ணீரில் இறக்கியிருக்கிறார்கள்.

இருக்கைக்குத் திரும்பினேன். வட்டாட்சியர் அறையின் தடுப்பு வெறும் பலகை. பேசியது எல்லாம் அப்பாவுக்கும் மகளுக்கும் கேட்டிருக்கிறது. ஏசுவடியான் எழுந்து நின்றார்.

"நான் இறங்குதேன் மேடம். எனக்க வாயால வந்த வினை. பிள்ளைக்கு ஒரு கையெழுத்து போட்டுத் தாருங்க."

சொல்லும்போது சட்டைப் பொத்தானைக் கழற்றத் தொடங்கிவிட்டார், குளம் என் மேசைக்குக் கீழே இருப்பது மாதிரி. அந்தப் பெண் அவர் கையைப் பிடித்தாள்.

"அப்பா இறங்கினா நான் காலேஜுக்குப் போமாட்டேன். நான் முந்திரி ஆபீசுக்கே போறேன்."

"மக்கா, சும்மா இரி. ஒனக்கு ஒண்ணும் தெரியாது."

"எனக்குத் தெரியும். இன்னைக்கு எனக்கு வேண்டி இறங்கினா, ஒவ்வொரு சர்டிபிகேட்டுக்கும் இறங்கணும்."

நான் படித்த வரலாற்றில் இவ்வளவு தெளிவாக யாரும் எழுதவில்லை. எனக்கு அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது, ஆத்திரம்தான் முந்திக்கொண்டது. துணை வட்டாட்சியர் நேரில் விசாரித்து முடிவெடுக்கச் சட்டத்தில் இடம் உண்டு. பொதுவாக யாரும் செய்வதில்லை, வேலை அதிகம், பழி அதைவிட அதிகம். ஜீப் விழா வேலைக்குப் போயிருந்தது. ஆட்டோ பிடித்து மூன்று பேருமாக அவர்கள் வீட்டுக்குப் போனோம்.

அந்தக் குடியிருப்பைக் காலனி என்றுதான் ஊரில் சொல்வார்கள். காலனி ஆட்சி முடிந்துவிட்டது என்று புத்தகத்தில் இருக்கிறது. காலனி மட்டும் ஒவ்வொரு ஊருக்கும் வெளியே அப்படியே இருக்கிறது. நான் ஆட்டோவிலிருந்து இறங்கியதும் அக்கம்பக்கத்துக் கதவுகள் சாத்திக்கொண்டன. குளத்தங்கரையில் நான் கேள்வி கேட்ட அந்த அம்மாவின் வீடும் அதில் ஒன்று. அதிகாரி வந்தால் ஆள் பிடிக்கத்தான் வருவார் என்று பழகிப்போன இடம். ஜெனிஷா போய் ஒவ்வொரு கதவாகத் தட்டி, ஆளு கூப்பிட வரல்ல, விசாரிக்கத்தான் வந்திருக்காவ என்று சொன்ன பிறகுதான் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்தார்கள்.

அண்ணனை போனில் முகம் தெரிகிற மாதிரி அழைத்தார்கள். ஒரு மரத்தடியில் நின்றான். மெலிந்த பையன்.

"தம்பி, என்ன படிச்சிருக்க?"

"பத்து மேடம். கணக்குல போயிட்டு. பிறவு எழுதல்ல."

"அங்க என்ன வேலை?"

"கீபோர்டு வாசிப்பேன் மேடம். வண்டி ஓட்டுவேன். கூட்டத்துக்குப் பாய் விரிப்பேன்."

"சம்பளம் எவ்வளவு?"

பையன் சிரித்துவிட்டான். "ஊழியத்துக்கு ஏது மேடம் சம்பளம்?"

அந்த இரண்டு நாளில் நான் சிரித்தது அப்போதுதான். உடனே கோபமும் வந்தது. சம்பளம் இல்லாத வேலைக்குத்தான் ஊழியம் என்று பெயர் என்பது பத்தாம் வகுப்பில் தோற்ற பையனுக்கும் தெரிகிறது, அறிக்கை எழுதிய அலுவலருக்கும் தெரிந்துதான் இருக்கிறது. தெரியாத மாதிரி எழுதுவதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

ஜெனிஷாவின் அம்மா ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்த பையனின் மதிப்பெண் சான்றைக் கொண்டுவந்தாள். அக்கம்பக்கத்தில் இரண்டு பேர் வாக்குமூலம் கொடுக்க முன்வந்தார்கள். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். நாளை அந்த அலுவலர் முகத்தில் விழிக்க வேண்டியவர்கள் அவர்கள். என் கையெழுத்தைவிட அந்த இரண்டு கையெழுத்துக்கும் துணிச்சல் அதிகம் வேண்டும். இதை நான் தன்னடக்கத்துக்காகச் சொல்லவில்லை.

அலுவலகத்துக்கு வந்தேன். இரண்டு அறிக்கைகளையும் ஏற்கவில்லை, நேரடி விசாரணையின் பேரில் சான்று வழங்கப்படுகிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மாலை கல்லூரி அலுவலகம் மூடுவதற்குள் ஜெனிஷாவின் சான்று போய்ச் சேர்ந்தது.

மறுநாள் விழா. பஞ்சாயத்து அனுப்பிய கூலி ஆட்கள் பாதிக் குளத்தைத்தான் சுத்தம் செய்திருந்தார்கள். மீதிப் பாதியில் ஆகாயத்தாமரை பூத்துக் கிடந்தது. வந்தவர் கல்தூணைத் திறந்து வைத்து, நம் முன்னோர் ரத்தம் சிந்தி வாங்கிய சுதந்திரம் என்று பேசினார். எந்த முன்னோர், எங்கே சிந்தினார்கள் என்று சொல்லவில்லை. பிறகு மேடையில் சிறப்பாகப் பணிபுரிந்தவர்களுக்குப் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். சிறந்த அரசு ஊழியர் என்று நம் கிராம அலுவலரின் பெயரை வாசித்தார்கள். கைதட்டல் பலமாக இருந்தது. அவர் மேடையிலிருந்து இறங்கி நேரே என்னிடம் வந்து, நல்ல பிள்ளையாகக் கும்பிட்டார்.

எனக்கு மெமோ வந்தது. விழா ஏற்பாட்டுக்கு இடையூறு செய்தது, மேலதிகாரியின் வாய்மொழி அறிவுரையைப் புறக்கணித்தது என்று இரண்டு குற்றம். விளக்கம் கேட்டிருந்தார்கள். பக்கம் பக்கமாக எழுதிக் கிழித்துப் போட்டேன். கடைசியில், 'இந்த மாவட்டத்தில் ஊழியம் ஒழிக்கப்பட்டுவிட்டது என்ற நம்பிக்கையில் அவ்வாறு செய்தேன்' என்று மட்டும் எழுதி அனுப்பினேன். அது யாருக்கும் புரியவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். மாறுதல் உத்தரவு மட்டும் எல்லோருக்கும் புரிகிற மாதிரி வந்தது. அதற்காக நான் வருத்தப்படவில்லை. உங்களுக்கும் மெமோ வரும். மெமோவால் யாரும் செத்ததில்லை.

அந்த இடத்தை விட்டுக் கிளம்புகிற வாரத்தில் ஏசுவடியான் என்னைப் பார்க்க வந்தார். ஜெனிஷா விடுதியில் சேர்ந்துவிட்டாள் என்றார். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்தேன். சொன்னார்தான். ஆனால் சொல்லிவிட்டுப் போகவில்லை, வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்ன விஷயம் என்று கேட்டேன்.

"ரேஷன் கார்டுல பேரு திருத்தணும்னு மனு கொடுத்தேன் மேடம். விஏஓ பாக்கலாம்னு சொல்லியிருக்காரு. சாட்சிக் கையெழுத்து போட்டவிய ரெண்டு பேருக்கும் அதே பதில்தான். நீங்க செஞ்சது பெரிய காரியம், நான் குறை சொல்லல்ல. ஆனா நீங்க மாறிப் போயிருவிய. அவரும் ஒரு நாள் மாறிப் போவாரு. நாங்க இஞ்சதான கிடக்கணும். ஒங்களுக்கும் அவருக்கும் பிறவு வாறவிய எப்படிப்பட்ட ஆளுவன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது என்றேன். அது உண்மை. அவர் தலையை ஆட்டிக்கொண்டு, வெயிலில் இறங்கி நடந்து போய்விட்டார்.

அந்தக் கிராமத்தில் இப்போது கிராம அலுவலர் இடம் காலியாக இருக்கிறது. உங்களில் ஒருவரைத்தான் அங்கே போடுவார்கள். ஏசுவடியான் கேட்டது உங்களைப் பற்றித்தான்.